வீடு தேடி வந்த ஊசி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் வடிந்தபோது வடசென்னையின் சடையங்குப்பத்து வீடுகளின் சுவரில் கறுப்பாக ஒரு கோடு நின்றது. வழக்கமான வெள்ளச் சேறு என்றால் கழுவினால் போய்விடும். இது எண்ணெய். பாய், பாத்திரம், மாட்டின் வயிறு என எல்லாவற்றிலும் பிசுக்கு. பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆறும் எண்ணூர் முகத்துவாரம்வரை மினுமினுத்தன. மணலி சுத்திகரிப்பு ஆலை முதலில் தன் குழாய்களில் கசிவே இல்லை என்றது. சில நாட்கள் கழித்து, ஆலை வளாகத்தில் மழைநீரைக் கையாண்ட விதம் சரியில்லாததால்தான் எண்ணெய் வெளியேறியது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சொன்னது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். மூக்குக்கு முதலில் தெரிந்தது, அறிவிப்பு அப்புறம்தான் வந்தது.

மேலே இருப்பவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் சொன்னால் அவரை மனநல நூல்களின் வகைப்பாட்டில் சேர்க்க எனக்குக் கை வருவதில்லை. கொரோனாவின் இரண்டு ஆண்டுகளிலும் சதிக் கதைகளைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதியதில் பெரும்பகுதி படித்தவர்கள் படிக்காதவர்களைப் பார்த்து உச்சுக்கொட்டியது. (அந்தக் கதைகளை எனக்கு அதிகம் அனுப்பியது குடியிருப்போர் நலச் சங்க வாட்ஸ்ஆப் குழுக்களில் இருந்த ஓய்வுபெற்ற அதிகாரிகள் என்பது வேறு விஷயம்.) வடசென்னையின் இந்தக் கோடியிலிருந்து பார்த்தால் கேள்வி வேறு மாதிரி எழுகிறது. சந்தேகப்பட எல்லா நியாயமும் உள்ளவர்களை அதே சந்தேகம் எப்படிக் கொன்றது?

சடையங்குப்பத்தின் பர்மா நகர், 1960களில் ரங்கூனிலிருந்து திரும்பி வந்தவர்களின் வழியில் உருவான குடியிருப்பு. 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகள் தேசியமயமாயின. 1964இல் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே அறிவிப்பில் வெறுங்காகிதமாக, கப்பலேறி சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிய குடும்பங்கள் அவை. பக்கத்தில் இருளர் குடியிருப்பு. அவர்களுக்கு அரசாங்கம் என்பது சாதிச் சான்றிதழுக்காக ஏறி இறங்கும் படிக்கட்டு. பூண்டி நீர்த்தேக்கத்தில் தண்ணீர் திறந்துவிட்டால் ஆறு பெருகி இந்தப் பகுதி துண்டாகிப்போகும். எத்தனை கனஅடி என்று டிவியில் ஓடும் எழுத்து வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும்.

2020 மே, ஜூனில் சென்னையின் தொற்றுக் கணக்கில் ராயபுரம் மண்டலம் முதலிடத்தில் இருந்தது. தண்டையார்பேட்டையும் அதற்கு அதிகம் பின்தங்கவில்லை. மாநகராட்சி வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டியது. சில தெருக்களைத் தகரம் வைத்து அடைத்தது. எல்லா ஊரிலும் சுற்றிய கதைகள் இங்கேயும் சுற்றின. ஒரு கேஸுக்கு இவ்வளவு என்று ஆஸ்பத்திரிக்குப் பணம் வருகிறதாம். சும்மா சளி பிடித்தவனையும் பாசிட்டிவ் ஆக்குகிறார்களாம். உள்ளே போனால் பொட்டலமாகக் கட்டித்தான் தருவார்களாம், முகத்தைக்கூடப் பார்க்க விடாமல் ஏன் கட்டுகிறார்கள், கிட்னியை எடுத்துவிட்டுத்தானே?

இந்தக் கடைசிக் கதையைக் கேட்டு மற்ற ஊர்க்காரர்கள் சிரிக்கலாம். எர்ணாவூரில் சிரிக்க முடியாது. 2004 சுனாமியில் வீடிழந்து கடற்கரையிலிருந்து பெயர்த்து எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் வைக்கப்பட்ட மீனவக் குடும்பங்களில் பெண்கள் கடனுக்காகத் தங்கள் சிறுநீரகங்களை விற்றிருந்தது 2007 தொடக்கத்தில் வெளியே வந்தது. உறுப்பு வணிகத்தைத் தடுக்கும் மத்திய சட்டம் 1994இலேயே வந்தாயிற்று. அதற்கும் முன்னால் வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்றே பெயர் விழுந்திருந்தது. வயிற்றின் பக்கவாட்டில் நீளத் தழும்போடு நடமாடும் பெண்கள் உள்ள தெருவில் கிட்னிக் கதை வதந்தியாகப் பிறக்க வேண்டிய அவசியமே இல்லை. கொரோனா வார்டுக்கு அதில் துளியும் பொருத்தமில்லை என்பது மட்டுமே அதிலிருந்த பொய்.

சாவுக் கணக்கும் அப்படித்தான். பணத்துக்காகக் கணக்கை ஏற்றுகிறார்கள் என்பது வதந்தி. நடந்தது அதற்கு நேர் எதிர். மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்த பல மரணங்கள் மாநில அரசின் பட்டியலில் இல்லை என்று 2020 ஜூனில் தெரியவந்தது. குழு அமைத்துச் சரிபார்த்து ஜூலை 22ஆம் தேதி 444 மரணங்களை ஒரே நாளில் சேர்த்தார்கள். கணக்கில் ஏதோ தவறு என்ற மோப்பம் சரிதான், திசைதான் தலைகீழ். ஏற்றிச் சொல்கிறார்கள் என்று நம்பியவர் நோயைச் சிறிதாக நினைத்து வெளியே போனார். குறைத்துச் சொல்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் முகக்கவசத்தை இழுத்து மூடியிருப்பார்.

அரசின் தயக்கமும் தகரமும் இல்லாமல் மக்களே கட்டிய கதையும் உண்டு. 2020 ஏப்ரல் 19 இரவு நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தார். உடலைப் புதைத்தால் ஊருக்கே பரவும் என்று கூட்டம் கூடி ஆம்புலன்ஸை அடித்தது. கடைசியில் சக மருத்துவர் பிரதீப் குமார் இரண்டு ஊழியர்களுடன் வேலங்காட்டு மயானத்தில் தானே மண்ணள்ளிப் போட்டுப் புதைக்க வேண்டியதாயிற்று. இதே நம்பிக்கையை இலங்கையில் அரசாங்கமே கையில் எடுத்தது. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்று சொல்லி 2020இல் தகனத்தைக் கட்டாயமாக்கியது. முஸ்லிம் குடும்பங்களிடமிருந்து பிறந்து இருபதே நாளான குழந்தையின் உடலைக்கூடப் பிடுங்கி எரித்தார்கள். 2021 பிப்ரவரியில்தான் அந்த விதி விலகியது, 2024இல் அரசு மன்னிப்புக் கேட்டது. பரிசோதித்துப் பாசிட்டிவ் வந்தால் பிள்ளையை எரிப்பார்கள் என்று தெரிந்த தாய் பரிசோதனைக்குப் போவாளா? அதிகாரம் உள்ளவன் நம்பும் கட்டுக்கதைதான் மோசமாகக் கொல்கிறது. தென்னாப்பிரிக்காவில் எய்ட்ஸுக்கு எச்ஐவி காரணமா என்றே ஐயம் கிளப்பிய தபோ எம்பெகியின் அரசு மருந்து கொடுப்பதைத் தாமதப்படுத்தியதில் மூன்று லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள். கறுப்பின மக்களின் உடம்பை வெள்ளை ஆட்சி நடத்திய விதத்தை நினைத்தால் எம்பெகியின் சந்தேகத்துக்கு வேர் இல்லை என்று சொல்லிவிட முடியாது. வேர் இருந்ததால் சாவு குறையவுமில்லை.

தடுப்பூசி வந்தபோது மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15ஆம் தேதி ஓமந்தூரார் மருத்துவமனையில், மற்றவர்களும் போட்டுக்கொள்ளட்டும் என்றே கேமராக்களின் முன்னால் ஊசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் அடைத்திருந்தது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று மத்திய நிபுணர் குழு அறிவித்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. இடைப்பட்ட ஆறு மாதத்துக்குள்தான் இரண்டாம் அலை வந்து போனது. மே 21ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. அதே மே மாதத்தில்தான் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு விஞ்ஞானி லுக் மோந்தாக்னியே சொன்னதாக ஒரு செய்தி கைக்குக் கை போயிற்று: ஊசி போட்டவர் எல்லாரும் இரண்டு வருடத்தில் சாவார்கள். அவர் தடுப்பூசிகளைக் குறை சொல்லிப் பேசியவர்தான், ஆனால் இதைச் சொல்லவில்லை.

அந்த நாட்களில் பர்மா நகரில் ஒரு ஆயாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். மாநகராட்சிப் பெண்கள் வெப்பமானியும் ஆக்சிமீட்டரும் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக வந்துகொண்டிருந்த சமயம். ஊசி போட்டாச்சா ஆயா என்றேன்.

"இன்னாத்துக்குப் போடணும்? இத்தினி வருசமா கம்பெனிக்காரன் கேஸ் வுடறான். கண்ணு எரியுது, புள்ளைங்க இருமுதுங்கன்னு மனு மேல மனு குடுத்தோம். ஒரு டாக்டர் வூட்டாண்ட வந்தானா? இப்ப மட்டும் வூடு தேடி வந்து ஊசி போடறன்றானே, ஏன் தம்பி?"

நான் சொன்ன பதில் சுகாதாரத் துறைத் துண்டறிக்கை மாதிரி இருந்தது. ஆயா வெற்றிலையை மென்றபடி கேட்டுவிட்டு, "சரி, உனுக்கு வேல அது" என்றாள். எனக்கு அது வேலையே இல்லை.

அவள் கேள்வியைப் பிறகு பலமுறை யோசித்தேன். அதற்கு நேர்மையான பதில் ஒன்று இருக்கிறது, கொஞ்சம் கசப்பானது. புகைபோக்கியிலிருந்து வரும் கந்தக டையாக்சைடு மணலியிலும் சடையங்குப்பத்திலும் இறங்கி அங்கேயே தங்கிவிடும். அதனால் அண்ணா நகரில் யாருக்கும் காய்ச்சல் வராது. கொரோனா பஸ் ஏறும், வீட்டுவேலைக்குப் போகும், லிப்டில் இருமும். ஏழை வீட்டு நோய் பணக்காரர் வீட்டுக்குப் போகும் என்பதால்தான் அரசாங்கம் ஏழை வீட்டுக்கு வந்தது. ஆயா இந்த வேறுபாட்டைச் சரியாகவே பிடித்திருந்தாள். தங்களுக்காக மட்டும் யாரும் வரமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அப்படியானால் வேறு யாருக்கோ இதில் லாபம் என்று அவள் போட்ட கணக்கிலும் பிழையில்லை. அந்த லாபம் தன்னைக் கொல்வதில் இருக்கிறது என்று முடித்ததுதான் பிழை. அவள் உயிரோடு இருந்தால்தான் அண்ணா நகருக்கு லாபம்.

இந்தப் பிழைக்கு உடம்பு கொடுத்த விலை நாட்களில் இருந்தது. கொரோனா முதல் வாரத்தில் சாதாரணக் காய்ச்சலாகத்தான் இருக்கும். கஷாயம் குடித்துப் படுத்தால் இறங்கியதுபோலத் தோன்றும். இரண்டாவது வாரத்தில் சிலருக்கு உடம்பின் எதிர்ப்பே திசைமாறி நுரையீரலை வீங்கவைக்கும். அப்போதும் மூச்சுத் திணறல் உடனே தெரியாது. ஆக்சிஜன் எண்பதுக்குக் கீழே போயிருக்கும், ஆள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். டெக்ஸாமெத்தசோன் என்ற சில ரூபாய் மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கும் ஆக்சிஜன் தேவைப்படுபவர்களின் சாவை ஐந்தில் ஒரு பங்கும் குறைக்கிறது என்று இங்கிலாந்தின் ரெகவரி ஆய்வு 2020 ஜூனிலேயே காட்டியது. மருந்து இருந்தது. அதை வாங்கிக்கொள்ள ஆள் அந்தச் சில நாட்களுக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பாசிட்டிவ் என்று எழுதிவிடுவார்கள், தூக்கிப்போய்விடுவார்கள், கிட்னி போய்விடும் என்று கதவைச் சாத்திக்கொண்டவர்கள் தொலைத்தது அந்த நாட்களைத்தான். ஸ்டான்லி மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ் வரிசைகட்டிய இரண்டாம் அலையில் படுக்கை இல்லாமல் செத்தவர்களும் உண்டு. அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வதந்தியின் தலையில் எல்லாச் சாவையும் கட்டிவிடுவது நிர்வாகத்துக்கு வசதியான இன்னொரு கதை.

சதிக் கதைகள் எதைப் பேசின என்பதைவிட எதைப் பேசவில்லை என்பது எனக்கு விசித்திரமாகப் படுகிறது. ஐந்தாம் தலைமுறை அலைக்கற்றை வந்தது, பில் கேட்ஸ் வந்தார், ஊகான் ஆய்வகம் வந்தது. மணலி வரவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2009 குறியீட்டில் மணலிக்கு நூற்றுக்கு 76.32. எழுபதைத் தாண்டினாலே கடும் மாசு மண்டலம். நுண்துகள் மாசு நீண்டகாலம் கன மீட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் கூடுதலாக இருந்த அமெரிக்க மாவட்டங்களில் கொரோனா இறப்பு விகிதம் 11 சதவீதம் கூடுதலாக இருந்தது என்று 2020இல் ஹார்வர்ட் ஆய்வு ஒன்று சொன்னது. மாவட்டச் சராசரிகளை வைத்துப் போட்ட கணக்கு அது, தனி ஆளுக்குப் பொருத்திப் பார்க்க முடியாது. இருந்தாலும் பல பத்தாண்டுகளாக ஆலைப் புகையைச் சுவாசித்த நுரையீரலில் வைரஸ் இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்க அது போதும். பக்கத்திலேயே, பெயர்ப் பலகையோடு, காம்பவுண்டுச் சுவரோடு நிற்கும் காரணத்தைப் பற்றி ஒரு ஃபார்வர்டுகூட எனக்கு வரவில்லை. சதிக் கதைக்கு வில்லன் தூரத்தில் இருந்தால்தான் சௌகரியம். பில் கேட்ஸைத் திட்டினால் ஒப்பந்தக் கூலி வேலை போகாது. பக்கத்து ஆலையைத் திட்டினால் வீட்டில் ஒருவருக்காவது கேட்பாஸ் ரத்தாகும்.

சந்தேகம் வேறு வழியில் போனதற்கும் இதே ஊரில் சாட்சி இருக்கிறது. 1996இல் ஒப்புதல் பெற்ற கடலோர வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் சுமார் 6,500 ஏக்கருக்கு விரிந்து கிடந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது வேறொரு வரைபடம் வந்தது. அதில் கழிமுகமே இல்லை. இதைவிட நேர்த்தியான சதிக் கதையை யாராலும் எழுத முடியாது. ஆனால் மீனவர்களும் அவர்களோடு நின்றவர்களும் அதைக் கதையாக விடவில்லை. எந்த ஆண்டு வரைபடம், யார் கையெழுத்து, எந்த அலுவலகம் என்று கேட்டுப் பதிலை வாங்கித் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோனார்கள். பதில் வந்தால் நகர்ந்து அடுத்த கேள்விக்குப் போகும் சந்தேகம் அது. வாட்ஸ்ஆப்பில் வந்த சந்தேகம் எந்தப் பதிலையும் சதியின் இன்னொரு அத்தியாயமாகத் தின்றுவிடும். விவேக்கின் சாவு பற்றிய நிபுணர் குழு அறிக்கை வந்தபோது நண்பர் ஒருவர் "அவங்க வேற எப்படிச் சொல்லுவாங்க?" என்றார். அவருக்கு எந்த ஆதாரம் போதும் என்று கேட்டேன். யோசித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

தடுப்பூசிமேல் சந்தேகம் நம் மாகாணத்தில் புதிதல்ல, அது எப்போதும் அறியாமையும் அல்ல. 1948இல் கிண்டியில் பிசிஜி ஆய்வகம் தொடங்கியது, 1951இல் நாடு தழுவிய இயக்கம். 1955இல் ராஜாஜி அதை எதிர்த்து ஒரு சிறு நூலே வெளியிட்டார். முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதற்கு முன்பே ஏ. வி. ராமன் என்ற ஓய்வுபெற்ற சுகாதாரப் பொறியாளர் எழுதிக்கொண்டிருந்தார். உயிருள்ள கிருமியை ஆரோக்கியமான பிள்ளைகளின் உடம்பில் ஏற்றுகிறீர்களே, இந்த நாட்டில் இது பயன்படும் என்பதற்கு என்ன சான்று என்பது அவர்கள் கேள்வி. நேரு அரசு எரிச்சல்பட்டது. கேள்வி ஒருவழியாகப் பரிசோதனைக்குப் போக 1968 ஆயிற்று. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில், சுமார் இரண்டரை லட்சம் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கும் குறைவானவர்களுக்கு வெறும் திரவம். முடிவு 1979இல் வந்தது: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை. உலகமே அதிர்ந்தது. சிறு குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசம் போன்ற கொடிய வகைகளைத் தடுப்பதால் பிறந்த குழந்தைக்கு இன்றும் அதைப் போடுகிறோம். எதிர்த்தவர்கள் பாதி சரி, போட்டவர்கள் பாதி சரி. அதைக் கண்டறிந்து தந்தவர்கள் திருவள்ளூர்க்காரர்கள், தங்கள் கைகளை நீட்டி.

அதே திருவள்ளூரில் 2008 ஏப்ரல் 23ஆம் தேதி தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. சடையங்குப்பம் அன்று திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அரசு பயந்து கிராமத்துக்குப் போய் ஊசி போடுவதை நிறுத்தியது, இனி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டும் என்றது. ஜாக்கிரதையான முடிவுதான். ஆனால் கூலி வேலையை விட்டுவிட்டு யார் பஸ் ஏறுவது? எல்லாத் தடுப்பூசிகளும் முழுமையாகப் போட்ட குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005-06இல் 80.9 சதவீதம். 2015-16 கணக்கெடுப்பில் 69.7. சரிவுக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். 2017 பிப்ரவரியில் பள்ளிகளில் தட்டம்மை-ருபெல்லா ஊசி தொடங்கியபோது இது கருத்தடை ஊசி, வெளிநாட்டுச் சோதனை என்று வாட்ஸ்ஆப் கதறியதற்கும், பெற்றோர் கையெழுத்துப் போட மறுத்ததற்கும், அந்த நான்கு குழந்தைகளுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் தெருவில் நின்று சொல்லாததற்கும் சம்பந்தமில்லை என்றும் சொல்லமாட்டேன்.

2021 ஜூனில் கோவளம் மீனவர் குப்பத்தில் ஊசி போட்டால் பிரியாணி, குலுக்கலில் தங்கக் காசு என்று ஒரு தொண்டு அமைப்பு அறிவித்தது. அதுவரை இரண்டு மாதத்தில் நூறு பேர்கூடப் போட்டிராத ஊரில் சில நாட்களிலேயே நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். மக்களைச் சோற்றுக்கு வாங்கிவிட்டார்கள் என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஒரு பொட்டலம் பிரியாணிக்காக யாரும் இரண்டு வருடத்தில் சாக ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அந்தப் பயம் பலருக்கு அவ்வளவு ஆழத்தில் இல்லை என்பதே இதற்கு அர்த்தம். நான் மட்டும் போய்ப் போட்டு எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்பதுதான் தயக்கம். பக்கத்து வீட்டு அண்ணி வரிசையில் நின்றால் தானும் நிற்கலாம். வடசென்னையிலும் அப்படித்தான் நடந்தது. கதவைத் தட்டிய பெண் அடுத்த தெருக்காரி, போன மாதம் ஊசி போட்டவள், இன்னும் உயிரோடு இருப்பவள் என்பது எல்லாத் துண்டறிக்கைகளையும்விட எடுபட்டது. ஆயாவும் செப்டம்பரில் போட்டுக்கொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு, மருமகள் நச்சரித்தாள் என்றாள்.

அதற்கு அடுத்து வேறொரு வரிசை தொடங்கியது. கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்ற திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ஏற்றது. பரிசோதனையில் தொற்று உறுதியாகி முப்பது நாளுக்குள் இறந்திருக்க வேண்டும், அல்லது மருத்துவர் கொரோனா என்று எழுதியிருக்க வேண்டும். உடலை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், தெருவில் தகரம் அடிக்கக் கூடாது என்பதற்காகப் பல குடும்பங்கள் பரிசோதனையே வேண்டாம் என்றிருந்தன. காய்ச்சல், மாரடைப்பு, சர்க்கரை என்று எழுதச் சொல்லிக் கெஞ்சியிருந்தன. கொரோனா என்ற ஒன்றே கிடையாது என்று அடித்துப் பேசியவர்களும் அவற்றில் உண்டு. இப்போது அவர்கள் சிடி ஸ்கேன் படம், மருந்துக்கடை ரசீது, செல்போனில் யாரோ எடுத்த ஆக்சிமீட்டர் போட்டோ எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்டக் குழுவின் முன்னால் நின்றார்கள். தங்கள் வீட்டில் செத்தவர் கொரோனாவில்தான் செத்தார் என்று அரசாங்கத்தை நம்பவைக்க வேண்டிய முறை அவர்களுக்கு வந்திருந்தது. குமாஸ்தா ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, பாசிட்டிவ் ரிப்போர்ட் எங்கே என்று கேட்டார்.